அடிமையா, எஜமானனா?

"இயந்திரம் மனிதனுக்கு அடிமையா, எஜமானனா?" இரண்டு அணியும் வெளுத்து வாங்கிவிட்டார்கள். தீர்ப்புக்கு முன்னால் ஒரு சம்பவம்.

எங்கள் அம்மாவின் தையல் மெஷின் ஒருநாள் இறுகிப்போய் ஓடவில்லை. நான் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். அம்மா சொன்னாங்க: "டாக்டர் பட்டம் வாங்கினவன்தானேப்பா நீ? வாயில்லாததை ஏன் அடிக்கிறே? அது எண்ணெய் கேட்குது!" (சிரிப்பு)

பிரான்சு நாட்டுத் தத்துவப் பேராசிரியர் ழில்பேர் சிமோந்தோன், 1958-இல் கருவிகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கலைப்பொருளை மதிக்கிற பண்பாடு, கருவியை மட்டும் அந்நியனாகப் பார்க்கிறதே என்று வருந்தினார். ஒன்று, வெறும் உபயோகப் பொருள் என்கிறோம். இல்லையென்றால், நம்மை விழுங்க வந்த பூதம் என்கிறோம். இரண்டுமே அறியாமை!

மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பாருங்கள். வெளியே வரிவரியாகத் தகடுகள். சூட்டைத் தணிக்க வைத்தவை. உள்ளே எழுகிற அழுத்தத்தில் எஞ்சின் வளைந்துவிடாமல் தாங்குவதும் அவையே. ஒரே உறுப்பு, இரண்டு வேலை! நல்ல கருவி இப்படித்தான் வளர்கிறது என்றார் அவர். கருவிக்குள் உறைந்திருப்பது மனிதனின் செய்கைதான் என்றார். மனிதன் அவற்றின் நடுவே இசைக்குழுவை நடத்துகிறவன் மாதிரி. வாத்தியம் புரியாமல் கையசைத்தால் கச்சேரி நடக்குமா?

ஆகவே தீர்ப்பு: புரிந்துகொண்டவனுக்கு இயந்திரம் உறவு. புரியாதவனுக்குத்தான் அது இன்றைக்கு அடிமை, நாளைக்கு எஜமானன்!

அம்மா இப்போது இல்லை. அந்த மெஷினுக்கு நான்தான் எண்ணெய் விடுகிறேன். சக்கரம் சுற்றும்போது அவங்க கை தெரிகிறது.