புதுக்கோட்டைக் கஞ்சிரா

உள்ளங்கைக்குச் சற்றே பெரிய பலாமரச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஓரத்தில் கலகலக்கும் ஒரு ஜோடி வில்லை. கஞ்சிரா அவ்வளவுதான்! தோலின் உட்புறம் விரலால் தண்ணீர் தடவி, சுருதியை இறக்கிவிட்டு ஒரு தட்டுத் தட்டினால், அந்தச் சின்ன வாத்தியம் 'கும்'மென்று முழங்கும்.

பஜனைப் பாட்டோடு ஒலித்த இத்தகைய வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதன் புகழை வளர்த்தார்.

கஞ்சிரா உலக மேடைக்கும் போனது; அதற்கு வழி திறந்தது ஒரு கூட்டணி. 1975 ஜூலையில் ஜான் மெக்லாஃப்லினின் கிதாரும் விக்கு விநாயக்ராமின் கடமும் அமெரிக்க மேடை ஒன்றில் கைகோத்தன. அந்த நேரடிக் கச்சேரியை, 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டாக 1976இல் பெரும் நிறுவனமான கொலம்பியா வெளியிட்டது. பின்னாளில் மீண்டும் கூடிய அந்தக் குழுவில், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா ஏந்தினார். அவர்களின் 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது.

அடுத்த கச்சேரியில் தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். புதுக்கோட்டையின் கஞ்சிராவை இருந்து கேளுங்கள்.