முதியோர் மனநலமும் செவிலியர் தொண்டும்

செவிலி என்பது பழந்தமிழ்ச் சொல். அகப்பொருள் இலக்கியத்தில் அது தலைவியை வளர்க்கும் தாயைக் குறித்தது. இன்று நோயாளரைப் பேணுவோரை அச்சொல்லால் அழைக்கின்றோம். மகவைப் பேணும் அன்பும் பொறுமையும் நோயாளரைப் பேணுதற்கும் வேண்டுமாதலின், அப்பெயர் பொருத்தமுடையதே. செவிலியர் ஆற்றும் பணிகளுள், முதியோரின் மனநலத்தை அவர்தம் இல்லத்திற்கே சென்று காப்பது மிக அரியதாகும்.

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித் தபசு விழாவாலும் புகழ் பெற்ற ஊர். அங்குக் கோமதி அம்மன் சந்நிதியின் முன்னே சக்கரக் குழி ஒன்று உள்ளது. மனம் நலிந்தோர் அதில் அமர்ந்து வழிபட்டால் நோய் தணியும் என்பது மக்களின் நம்பிக்கை. நோயுற்றவரைக் கைவிடாமல் அழைத்து வரும் சுற்றத்தாரின் அன்பு போற்றத்தக்கது. வழிபாடு ஆறுதல் தரும்; அதனுடன் மருத்துவமும் சேர்தல் வேண்டும். ஆனால், நடக்க இயலாத முதியவர் கோயிலுக்கோ மருத்துவமனைக்கோ எவ்வாறு வருவார்? மருத்துவமே அவரை நாடிச் செல்லுதல் வேண்டும்.

முதுமையில் மனத்தை வருத்தும் நோய்களுள் மூன்றை நாம் அறிந்திருத்தல் நன்று. முதலாவது மறதிநோய். இது சிறிது சிறிதாக வளர்வது. இதன் முதன்மையான வகையை 1906-ஆம் ஆண்டில் அலாய்ஸ் ஆல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விளக்கினார். மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறத்தல் எவர்க்கும் இயல்பு. பழகிய தெருவில் வழி தெரியாது திகைப்பதும், பெற்ற மகனை யாரென வினவுவதும் நோயின் குறிகளாகும்.

இரண்டாவது மனச்சோர்வு. துணையை இழந்தோரும் தனிமையில் வாடுவோரும் உணவும் உறக்கமும் குன்றி, பேச்சொழிந்து கிடப்பர். மருந்தாலும் ஆறுதல் மொழியாலும் இது பெரும்பாலும் தணியும். மூன்றாவது திடீர்க் குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், அது மூப்பின் விளைவு அன்று. சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீரும் உப்பும் குறைந்ததோ, ஒவ்வாத மருந்தோ காரணமாகலாம். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். இம்மூன்றையும், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கினால், தீரும் நோயும் தீராமற் போகும்.

இவ்வேறுபாட்டை அறிய இல்லம் தேடி வரும் செவிலியர் பெரிதும் உதவுவர். மருத்துவமனையில் காண இயலாத பலவற்றை அவர் வீட்டில் காண்பார். உண்ணாத உணவு, விழுங்காத மாத்திரை, வெளிச்சமில்லாத அறை ஆகியவை அவருக்குச் செய்தி சொல்லும். முதியவரிடம் அமர்ந்து பேசுவார். ஐயமுற்றால் மருத்துவருக்கு அறிவிப்பார். இரவு பகலாகப் பணிவிடை செய்து களைத்த மகளையோ மருமகளையோ நலம் வினவுவதும் அவர் கடமையே.

1996-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. மனநலப் பணியை நகரத்துப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து மாவட்டந்தோறும் கொண்டு செல்வதே அதன் நோக்கம். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் இதனால் வீடு வந்து சேர்கின்றன. இவ்விரு நோய்களையும் அடக்கி வைத்தல் மறதிநோய் வரும் வாய்ப்பையும் குறைக்கும். 2022-ஆம் ஆண்டு முதல் 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வாயிலாகவும் மனநல அறிவுரை பெறலாம்.

மாணவர்களே! பாட்டனார் கேட்டதையே மீண்டும் கேட்டால் சினந்து கொள்ளாதீர்கள், நகைக்கவும் வேண்டா. அவரோடு வாதிடாமல் அமைதியாக விடை கூறுங்கள். பெரிய எழுத்து நாட்காட்டியை அவர் கண்ணெதிரே மாட்டுங்கள். முகவரி எழுதிய சீட்டை அவர் சட்டைப் பையில் வையுங்கள். பழைய நாள்களைப் பற்றி அவரைப் பேசச் செய்து கேளுங்கள். அவரிடம் மாறுதல் கண்டால் பெற்றோருக்குச் சொல்லுங்கள். செவிலியர் வந்து செல்வது சிறிது நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் முதியோர்க்குச் செவிலியர் நாமே ஆவோம்.