750-இல் ஒரு மேடு

"புதிய துகளைக் கண்டுபிடித்தார்கள்" என்று செய்தித்தாளில் படித்தவுடன், யாரோ ஒரு பெரியவர் கருவியொன்றில் கண்ணை வைத்துப் பார்த்து, "அதோ!" என்று கூவியிருப்பார் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு பயிலும் நண்பர் ஒருவர், "அந்தத் துகளின் படத்தைக் காட்டேன்" என்று என்னைக் கேட்டதுண்டு. படம் ஏது? வரைபடத்தாளில் ஒரு கோடு இறங்கிச் செல்கிறது. அக்கோட்டில் ஓரிடத்தில் ஒரு சிறு மேடு தெரிகிறது. அந்த மேடு மெய்யா, கண்மயக்கா என்பதுதான் கேள்வி. ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதும் அக்கேள்விக்கு விடை காணத்தான். அப்படித் தோன்றிய மேடு ஒன்றின் கதையையே இங்கு எழுதுகிறேன்.

ஜினீவா நகருக்கு அருகே, பிரான்சும் சுவிட்சர்லாந்தும் கூடும் எல்லையில், தரைக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. செர்ன் என்னும் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகத்தின் மோதுபொறி அதற்குள் இருக்கிறது. புரோட்டான் கூட்டங்கள் இரண்டு, ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் எதிரெதிராக ஓடி வந்து மோதிக்கொள்கின்றன. மோதும் இடங்களைச் சுற்றிப் பெருங்கருவிகள் நிற்கின்றன. அவற்றுள் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டும் ஒரே வேலையைத் தனித்தனியே செய்பவை. ஒரு குழு கண்டதை மற்றக் குழு சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நம் நாட்டவர்க்கும் இதில் பங்குண்டு. சி.எம்.எஸ். கருவியின் ஒரு பகுதியைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் செய்து கொடுத்தனர்.

புரோட்டான் கூட்டங்கள் வினாடிக்கு 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அத்தனையையும் எழுதி வைக்க எந்த ஏட்டாலும் முடியாது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான பொழுதில் பொறிகளே தீர்ப்புச் சொல்லி, வினாடிக்கு ஏறத்தாழ 1,000 நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை எறிந்துவிடுகின்றன. எறிந்தவற்றில் எது போயிற்றோ என்ற கவலை இத்துறையில் எல்லோருக்கும் உண்டு.

புதிய துகள் பிறந்தாலும் அது நம் கருவியை எட்டும்வரை பெரும்பாலும் உயிர் வாழாது. பிறந்த இடத்திலேயே சிதைந்து விடும். அதன் பிள்ளைகளைத்தான் நாம் பிடிக்கிறோம். அது இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைந்தது என்று வைத்துக்கொள்வோம். அவ்விரண்டின் ஆற்றலையும், அவற்றிடையே உள்ள கோணத்தையும் அளந்தால், தாயின் நிறையைக் கணக்கிட்டு விடலாம். ஆனால் தாய் என்று எதுவும் இல்லாமலே, சாதாரண மோதல்களில் ஒளித்துகள் இரட்டைகள் ஏராளமாகப் பிறக்கின்றன. அவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டால் ஏதாவதோர் எண் வரும். சிறிய எண்கள் மிகுதியாகவும் பெரிய எண்கள் அரிதாகவும் வருவதால், வரைபடத்தில் கோடு வழுவழுவென்று இறங்குகிறது. மெய்யான தாய் ஒன்று இருந்தால் அவள் பிள்ளைகள் எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும். அங்கே கோடு மேடாகும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் இரு குழுவினரும் அவ்வாண்டின் முடிவுகளை வெளியிட்டனர். அட்லஸ் கோட்டில் 750 என்னும் எண்ணின் அருகே ஒரு மேடு, சி.எம்.எஸ். கோட்டில் 760-இன் அருகே ஒரு மேடு. (இங்கு ஒன்று என்பது ஏறத்தாழ ஒரு புரோட்டானின் நிறை என்று கொள்க. பௌதிகத்தார் இதைக் கிகா எலெக்ட்ரான் வோல்ட் என்பர்.) அந்த எடையில் எந்தத் துகளும் இருப்பதாக நாம் அறிந்த கொள்கை சொல்லவில்லை. இருந்தால் அது முற்றிலும் புதியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகக் காத்துநின்ற கொள்கைக்கு வெளியே திறக்கும் முதல் கதவாக அது இருந்திருக்கும்.

மேடு எவ்வளவு உயரம்? இதற்குச் சிக்மா என்ற அளவு உண்டு. முற்றத்தில் நிமிடத்துக்குச் சராசரி 100 மழைத்துளி விழும் ஒரு தட்டை வையுங்கள். ஒரு நிமிடம் 93 விழும், மறு நிமிடம் 108 விழும். 100-இன் வர்க்கமூலமாகிய பத்து அளவுக்கு ஏறுவதும் இறங்குவதும் மழையின் இயல்பு. அந்தப் பத்துதான் இங்கு ஒரு சிக்மா. 130 விழுந்தால் மூன்று சிக்மா. சற்றே புருவம் உயரும். துகள் பௌதிகத்தில் ஐந்து சிக்மா வந்தாலன்றிக் கண்டுபிடிப்பு என்று சொல்வதில்லை. வெறும் தற்செயலால் அவ்வளவு உயர்வு நேர்வதற்கு வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று.

அன்று அட்லஸ் சொன்னது 3.6 சிக்மா, சி.எம்.எஸ். சொன்னது 2.6. முதல் எண்ணைத் தற்செயல் என்று தள்ள, ஆறாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. அப்படியானால் துகள் உறுதிதானே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. 1,000 மாணவர்களை நிறுத்தி, ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டச் சொல்லுங்கள். பத்தும் தலையாக விழுவது ஆயிரத்தில் ஒன்று போன்ற அரிய செயல். ஆயினும் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்காவது அப்படி விழ, விழாமலிருப்பதைவிட வாய்ப்பு மிகுதி. அவனைப் பிடித்து, "இவன் நாணயத்தில் ஏதோ சூழ்ச்சி உண்டு" என்று சொல்லலாமா? அட்லஸ் குழுவினர் 750-ஐ மட்டும் பார்க்கவில்லை. 200-இலிருந்து 2,000 வரை தேடினர். எங்கே மேடு எழுந்திருந்தாலும் அதைச் சுட்டியிருப்பர். அதைக் கணக்கில் சேர்த்தால் 3.6 என்பது சுமார் 2 சிக்மாவாகச் சுருங்கிற்று. சி.எம்.எஸ்.-இன் 2.6, 1.2 ஆயிற்று. இக்கணக்கை அக்குழுவினர் மறைக்கவில்லை. அன்றைய அறிக்கையிலேயே அச்சிட்டனர்.

கொள்கையாளர்கள் காத்திருக்கவில்லை. எட்டு மாதத்தில் ஏறக்குறைய 500 கட்டுரைகள் வந்து குவிந்தன. ஹிக்ஸ் துகளின் மூத்த உறவு என்றார் ஒருவர். ஈர்ப்பைச் சுமக்கும் துகளின் கனத்த வடிவம் என்றார் மற்றொருவர். இதை நகைப்போரும் உண்டு. எனக்கு அது நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. ஏனெனில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2011 டிசம்பர் 13 அன்று, இதே அரங்கில், இதே இரு குழுவினர், வேறொரு மேட்டைக் காட்டினர். அப்போது அட்லஸ் சொன்ன எண் 3.6, சி.எம்.எஸ். சொன்ன எண் 2.6. ஆம், அதே எண்கள்! அந்த மேடு 125-இன் அருகே இருந்தது. 2012 ஜூலை 4 அன்று அது ஐந்து சிக்மாவைத் தொட்டு, ஹிக்ஸ் துகள் என்று உலகறிந்தது.

எண்கள் ஒன்றாயினும் நிலைமை ஒன்றன்று. ஹிக்ஸ் துகளை எதிர்பார்த்திருந்தோம். 115-க்கும் 130-க்கும் இடையிலான சிறு சந்துதான் அதற்கு ஒளிய மிச்சமிருந்தது. இரண்டு ஒளித்துகள் வழியில் மட்டுமன்றி, வேறொரு சிதைவு வழியிலும் அதன் சாயல் தெரிந்தது. 750-க்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. ஆனாலும் இவ்வேறுபாடு சந்தேகத்துக்குத்தான் காரணம், தீர்ப்பாகாது. தீர்ப்பு மேலும் மோதல்களிடம்தான் இருந்தது.

அது எப்படித் தீர்க்கும் என்பதை மழைத்தட்டிலேயே பார்க்கலாம். நூற்றுக்கு மேல் முப்பது கூடிய நிமிடத்தோடு மேலும் மூன்று நிமிடங்களைச் சேர்த்து எண்ணுவோம். சராசரி 400, இயல்பான ஏற்ற இறக்கம் 20. மிகுதிக்கு மெய்யான காரணம் இருந்தால் அதுவும் நான்கு மடங்காகி 120 ஆகும், ஆறு சிக்மா! காரணம் இல்லையேல், புதிய நிமிடங்கள் எதையும் சேர்க்கா. பழைய 30 மட்டும் நிற்கும். அது ஒன்றரைச் சிக்மா. மெய் வளர்கிறது, பொய் நீர்த்துப் போகிறது. இடையில் நிற்க இடமில்லை.

2016-இல் மோதுபொறி நன்றாக ஓடிற்று. முன்னதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தரவு ஒவ்வொரு குழுவுக்கும் கிடைத்தது. ஆகஸ்டு 5 அன்று சிகாகோ மாநாட்டில் இரு குழுவினரும் புதிய கோட்டைக் காட்டினர். 750-இல் கோடு வழுவழுவென்று இறங்கிச் சென்றது. மேடு இல்லை.

மோதுபொறிக்காரர்கள் பேறு பெற்றவர்கள் என்றே சொல்வேன். அவர்களால் மீண்டும் மழையை வரவழைக்க முடிகிறது. எல்லோருக்கும் அது கிட்டுவதில்லை. வட ஆற்காட்டிலிருந்து சென்ற நம்மவர் பல தலைமுறையாக வெட்டிய கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், டாட்டா கழகத்தாரும் பிறநாட்டாரும் கருவிகளை அமைத்தனர். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு. அங்கே வேறு சில விந்தையான நிகழ்ச்சிகளும் பதிவாயின. தடங்கள் பாறையில் தோன்றாமல், வெற்றிடத்தில் ஒரு புள்ளியில் கூடின. வழியிலேயே சிதைந்த புதுத் துகளாக இருக்கலாம் என்று 1975-இல் எழுதினர். பிற நாட்டுப் பொறிகளில் தேடியபோது கிட்டவில்லை. கோலாரிலேயே பெரிய கருவி வைத்து எண்ணிக்கையைப் பெருக்கியிருக்கலாம். சுரங்கமோ 2001-இல் மூடப்பட்டது. அந்நிகழ்ச்சிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவிலேயே நின்றுவிட்டன. 2014-இலும் சென்னை ஆய்வாளர் இருவர் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, இருள்பொருளாக இருக்குமோ என்று கேட்டு எழுதினார்கள்.

ஜினீவாவில் 2022 முதல் ஆற்றலைச் சற்றே கூட்டி மீண்டும் மோத விட்டனர். இதற்கிடையே 2023-இல் வேறொரு மேடு பேச்சில் அடிபட்டது. இம்முறை 95-இன் அருகே, அதே இரண்டு ஒளித்துகள் வழியில். சி.எம்.எஸ். சொன்ன எண் 2.9, தேடிய இடங்களையெல்லாம் கணக்கில் சேர்த்தால் 1.3. அட்லஸ் சொன்னது 1.7. நாணயம் சுண்டிய ஆயிரம் பேரை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்பதை வாசகரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.