சுருக்கிய ஒலியும் வீட்டு இசையமைப்பும்

ஒலிப்பதிவு என்பது ஒரு காலத்தில் பெருநகரங்களின் பதிவுக் கூடங்களில் மட்டுமே நடைபெற்றுவந்தது. இன்றோ மேசைமீது ஒரு கணிப்பொறி இருந்தால் போதும். கல்லூரி மாணவர் ஒருவர் தம் அறையிலிருந்தபடியே பல வாத்தியங்கள் சேர்ந்த இசையை அமைத்துவிடுகிறார். அவற்றையெல்லாம் அவர் வாசிக்க வேண்டுவதில்லை. முன்னரே பதிவான தாள ஒலி, நரம்பொலி, குரலொலி ஆகியவற்றிலிருந்து சிறு பகுதிகளை எடுத்து, வெட்டி, நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். இத்தகைய பகுதியை இசைத் துறையினர் 'சாம்பிள்' என்பர். நாம் ஒலித்துணுக்கு என்போம். அவருக்குக் கிட்டும் துணுக்குகளில் பல எம்.பி.3 முதலிய சுருக்கிய வடிவில் இருப்பவை. கேட்கும்போது குறையேதும் தோன்றாத அவை, வேறோர் இசைக்கு மூலப்பொருளாகும்போது சீர்கெடுகின்றன. அது ஏன் என்று காண்போம்.

சுருக்கம் என்பதற்கு இசைத் துறையில் இரு பொருள் உண்டு. உரத்த ஒலிக்கும் மெல்லொலிக்கும் இடையேயுள்ள வேற்றுமையைக் குறைப்பதையும் அவ்வாறே சொல்வார்கள். அது வேறு, அதை விட்டுவிடுவோம். நாம் பேசுவது ஒலியைக் குறித்துவைக்கும் எண்களின் சுருக்கத்தைப் பற்றி. குறுந்தகட்டில் ஒலியலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவைக்கும் 16 பிட். இடம், வலம் என இரண்டு வழிகள். ஆக, ஒரு வினாடி இசைக்கு 14,11,200 பிட் வேண்டும். எம்.பி.3 அதையே 1,28,000 பிட்டில் அடக்கிக் காட்டுகிறது. பதினொன்றில் பத்துப் பங்கு எங்கே போயிற்று?

கோயில் மணி ஓங்கி ஒலிக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் முணுமுணுக்கும் சொல் நம் செவியில் விழுவதில்லை. அந்தச் சொல் காற்றில் இல்லாமற் போகவில்லை. நம் செவிதான் அதைக் கைவிட்டது. ஓர் உரத்த ஒலி, தன் சுருதிக்கு அண்மையிலுள்ள மெல்லொலிகளை இவ்வாறு மறைத்துவிடும். தான் எழுவதற்குச் சில மில்லி வினாடி முன்னும், அடங்கியபின் இன்னும் சற்று நீண்ட நேரமும் கூட மறைக்கும். செவியின் இந்தக் குறையையே பொறியியலார் பயன்படுத்திக்கொண்டனர். மறைந்துபோகும் ஒலிகளைத் துல்லியமாகக் குறித்து வைப்பானேன்? அவற்றைக் கரடுமுரடாகக் குறித்தாலும், அறவே விட்டுவிட்டாலும், கேட்பவருக்கு வேற்றுமை தெரியாது. 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மிகக் கூர்மையான ஒலிகளும், பிட் எண்ணிக்கை குறைவாக இருந்தால், பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடும்.

இம்முறை எளிதில் வாய்த்ததன்று. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆய்வாளர், 1980களின் பிற்பகுதியில் தம் முறையைச் சோதிக்க ஒரு பாடலைத் தேர்ந்தார். அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பக்கவாத்தியம் எதுவுமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்பது அது. பெரிய வாத்தியக் குழுவின் இசையைத் தாங்கிய முறை, அந்தத் தனிக்குரலில் தடுமாறியது. பிழையை மறைத்துக்கொள்ள அங்கே வேறு ஒலி இல்லையன்றோ! அக்குரல் இயல்பாக ஒலிக்கும் வரை முறையைத் திருத்தித் திருத்திச் செம்மை செய்தனர். 1992இல் சர்வதேசத் தரநிர்ணயம் முடிவாயிற்று, 1995இல் எம்.பி.3 என்ற பெயர் வழக்குக்கு வந்தது.

ஆகவே இது செவியை இறுதி இடமாகக் கருதிச் செய்த ஏற்பாடு. ஒலி உள்ளவாறே செவியைச் சேரும் என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் கழிவு நடந்திருக்கிறது. இசையமைப்பாளரோ அந்த ஒப்பந்தத்தை முறிப்பவர். ஒரு துணுக்கின் வேகத்தைப் பாதியாக்கி ஒரு ஸ்தாயி கீழே இறக்குகிறார் என்று கொள்வோம். 16,000 ஹெர்ட்ஸில் இருந்த எல்லை 8,000க்கு இறங்குகிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை. கம்பளியைப் போர்த்தினாற்போல் ஒலி மங்குகிறது. இதனினும் நுட்பமான கேடு ஒன்றுண்டு. எம்.பி.3 ஒலியை 1,152 அளவைகள் கொண்ட கட்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு கட்டு ஏறத்தாழ 26 மில்லி வினாடி. தாள அடி ஒன்று கட்டின் நடுவே திடீரென விழுந்தால், அதனால் விளையும் பிழை அடிக்கு முன்னும் பரவுகிறது. கூடியவரை இது அடியின் மறைப்புக்குள் அடங்கும்படியே சுருக்குகிறார்கள். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் பிழையின் நீளம் இரட்டிக்கும். செவியின் மறைப்பு நீள்வதில்லை. அடி விழுமுன்னரே 'உஸ்' என்றொரு நிழல் கேட்கிறது.

வடிகட்டுவதிலும் இதுவே கதை. பெருமுழக்கத்தை நீக்கி வயலினை மட்டும் நிறுத்த முயன்றால், அம்முழக்கம் மறைத்திருந்த கரகரப்பு வெளிப்படுகிறது. மணியை நிறுத்தினால் முணுமுணுப்புக் கேட்கும் என எதிர்பார்க்கிறோம். ஆனால் அச்சொல் பழுதின்றிக் குறிக்கப்படவேயில்லை. எம்.பி.3ஐ 'வேவ்' கோப்பாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகின்றனர். மாவைப் பெரிய மூட்டையில் கொட்டினால் அரிசியாகிவிடுமா?

அதற்காகச் சுருக்கிய துணுக்கைத் தீண்டவே கூடாது என்று நான் சொல்லேன். 3,20,000 பிட் அளவில் உள்ளதை, பெரிதும் மாற்றாமல் பல ஒலிகளின் நடுவே வைத்தால் பழுது தெரிவது அரிது. நீரில் மூழ்கியது போன்ற அந்தக் குறையையே விரும்பிப் பயன்படுத்துவோரும் உளர். செய்ய வேண்டுவது, தொடக்கத்திலேயே ஒருமுறை விரித்து, வேலை முடியும்வரை 'வேவ்' வடிவிலேயே வைத்திருப்பது. இடையிடையே எம்.பி.3ஆகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் புதிய கழிவு நேரும். சுருக்கும்போது கோப்பின் தலைப்பில் 20 மில்லி வினாடிக்கு மேற்பட்ட வெறுமை சேர்ந்துவிடுவதும் உண்டு. சுற்றிச் சுற்றி ஒலிக்க வேண்டிய தாளத் துணுக்கு அதனால் இடறும். அதை வெட்டிச் சீராக்க வேண்டும்.

நாமே பதிவு செய்யும் ஒலியில்தான் பெரிய இழப்பு நேரக்கூடும். கிராமத்து மூதாட்டி ஒருவர் பாடும் நடவுப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்கிறீர்கள். பல கைப்பேசிகள் கேளாமலேயே அதைச் சுருக்கி வைத்துவிடும். அவர் மீண்டும் பாடுவார் என்பதற்கு உறுதி ஏது? பதிவுக்கு முன்பே அமைப்பை 'வேவ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இடம் போதாவிடில், 2001இல் வெளிவந்த 'ஃபிளாக்' முறை இருக்கிறது. அது எதையும் கழிப்பதில்லை. ஒரே செய்தியைக் குறைந்த எண்களில் எழுதுகிறது. அளவு ஏறக்குறையப் பாதியாகும்.

இழந்தது எது என்று கேட்க விரும்பும் மாணவர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு 'வேவ்' கோப்பையும் அதன் எம்.பி.3 வடிவையும் தொடக்கம் பிசகாமல் பொருத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டுக. பொதுவானவை ஒன்றையொன்று அழித்துவிடும், எஞ்சுவது வேறுபாடு. விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற ரயன் மகுவயர், அதே 'டாம்ஸ் டைனர்' பாடலிலிருந்து எம்.பி.3 கழித்த ஒலிகளைத் திரட்டி, 'மாடர்னிஸ்ட்' என்றொரு தனி இசையையே அமைத்தார். அதில் வேகாவின் குரல் சொல்லாகத் திரளாமல், மூச்சும் சிணுங்கலுமாக அங்கங்கே தோன்றி மறைகிறது.