ஜீப்புக்கு வயது என்ன?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மனிதனின் வயதைச் சொல்லப் பிறந்த தேதி ஒன்றே போதும். வண்டிக்கு அது போதாது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. ஆனைமலை தொடங்கிப் பர்கூர் வரை, கொங்கு நாட்டு மலையடிவாரங்களில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஓடாத ஊர் அரிது. அவற்றுள் பல, இதைப் படிக்கும் மாணவ நண்பர்களைவிட மூத்தவை. "இதை இன்னும் வைத்திருப்பதா, தள்ளிவிட்டுப் புதிது எடுப்பதா?" என்ற கேள்வி எழாத வீடும் அங்கே இல்லை. பெரும்பாலும் அது வாய்ச்சண்டையாகவே முடியும். ஒருவர் கிலோமீட்டரைச் சொல்வார், மற்றவர் ராசியைச் சொல்வார். கணக்கும் சிறிது இயற்பியலும் கொண்டு பார்த்தால் விடை எப்படி வருகிறது என்று அறிய, எங்கள் வீட்டு ஜீப்பையே எடுத்துக்கொண்டேன். கடந்த நவம்பரில் அதன் பதிவுக்காலம் முடியவிருந்ததால், முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது.

ஜீப் போர்க்களத்துக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நம் நாட்டில் 1947-இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. எண்பதுகளில் அதே கால்வழியில் வந்ததுதான் எம்.எம்.540. அதன் டீசல் எஞ்சின் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ வடிவமைப்பு. சிலிண்டரின் விட்டம் 90 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 83 மில்லிமீட்டர், சிலிண்டர் நான்கு. பெருக்கிப் பார்த்தால் 2112 கன சென்டிமீட்டர் வரும். (முதலாண்டு மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.) உருவமும் அடிப்படை அமைப்பும் பல்லாண்டுகள் பெரிதாக மாறவில்லை என்பதால், ஒரு ஜீப்பின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் ஜீப் 1995 நவம்பரில் பதிவான எம்.எம்.540. அப்பா 2009-இல் மூன்றாவது கையாக வாங்கினார். சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில் குத்தகை நிலத்தில் விளையும் மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் கீழே இறங்குவது அதில்தான். மலைமேல் உள்ள மண் தடங்களில் மழைக்காலத்துப் பள்ளங்களைத் தாண்ட, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியால் ஆகாது.

அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? மீட்டரில் ஐந்து இலக்கம்தான் உண்டு. 99,999-ஐத் தாண்டினால் மறுபடி சுழியம். வாங்கும்போது இரண்டு சுற்று முடிந்து 14,000 காட்டியதாம். பிறகு கேபிள் அறுந்து மீட்டர் நின்றேபோனது. ஆனால் அப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவர், டீசல் போட்ட ஒவ்வொரு நாளையும், மாற்றிய ஒவ்வொரு உதிரியையும், ஜீப் படுத்துக்கொண்ட ஒவ்வொரு நாளையும் அதில் எழுதியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வகத்தில் அளவீடு குறிக்கும் பழக்கம் மட்டும் எனக்கு முன்பே எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது! டீசல் கணக்கைக் கொண்டு பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 9,000 கிலோமீட்டர். பதினாறு ஆண்டுக்கு 1,44,000. பழையதையும் கூட்டினால் மூன்று லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம்.

கேட்பவர் மலைத்துப் போவார்கள். ஆனால் இந்த எண் எதனுடைய வயது? நோட்டைப் புரட்டினால், எஞ்சினை 2012-இல் ஒருமுறையும் 2021-இல் ஒருமுறையும் பிரித்திருக்கிறார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அளவு கூட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட்டிருக்கிறார்கள். ஆகவே பிஸ்டனின் வயது நான்கரை ஆண்டு. கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு ஆண்டு. ரேடியேட்டர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதன் முதல் பிறவி எந்த வண்டியில் என்று யாருக்கும் தெரியாது. 1995-இல் இருந்து மாறாமல் இருப்பவை சேஸிஸும், கியர்பாக்ஸ் கூடும், முன்பின் ஆக்சில் கூடுகளும், ஆர்.சி. புத்தகமும்தான். வண்டி முழுவதற்கும் ஒரே வயது இல்லை. பாகத்துக்கு ஒரு வயது. எனவே "எவ்வளவு ஓடியது" என்பதைவிட "மாற்ற முடியாத பாகம் எந்த நிலையில் உள்ளது" என்பதே சரியான கேள்வி என்று எனக்குப் பட்டது.

எஞ்சினைச் சோதிப்பது எளிது. அது ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், ரிங் தேய்ந்த எஞ்சின் அங்கே குபுகுபுவென்று புகை தள்ளும். எரிந்த வாயு பிஸ்டனை மட்டும் தள்ளாமல், இடுக்கு வழியே கீழே நழுவுகிறது என்பது பொருள். எங்களுடையதில் மெல்லிய ஆவிதான் வந்தது.

நான்கு சக்கர இழுவையில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. அதை விளக்காமல் போவது இயற்பியல் மாணவனுக்கு அழகல்ல. இந்த ஜீப்பில் இரண்டாவது நெம்புகோலைப் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைத்துவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே தீர வேண்டும். இப்போது முன்னால் புது டயர், விட்டம் 72 சென்டிமீட்டர். பின்னால் தேய்ந்தது, 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு முன்சக்கரம் 6 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடப் பார்க்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 சுற்று. வித்தியாசம் 28 மீட்டர்! சேற்றில் டயர் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் டிரான்ஸ்பர் கேஸ் பல்லிலும், கிராஸிலும், கிரவுன் பினியனிலும் இறங்கும். காசு மிச்சம் என்று இரண்டு டயரை மட்டும் மாற்றி, தார்ச்சாலையிலும் நெம்புகோலை எடுக்காமல் ஓட்டிய வண்டிகள் கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் உள்ளே கிழடாகி இருக்கும். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் நான்கு டயரையும் பார்ப்பது நலம்.

இனி சேஸிஸ். இதுதான் வழக்கின் முக்கிய சாட்சி. எஞ்சினும் கியர்பாக்ஸும் அமர்ந்திருக்கும் இரும்பு ஏணி அது. சேறு தங்கும் மூலைகளில் உள்ளிருந்து துரு பிடிக்கும். மேலே அடித்த பெயிண்ட் அதை மறைத்துவிடும். எங்கள் மெக்கானிக் அண்ணன் சிறு சுத்தியலால் நுனியில் இருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போனார். "தம்பி, காதைக் கிட்ட வை" என்றார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மொத்தென்று சொல்லும். ஏறக்குறைய எல்லா இடமும் கணீரென்றே ஒலித்தது. பின்பட்டை மாட்டும் கொக்கிக்கு அருகில் மட்டும் விரலளவு விரிசல். அதைப் பற்றவைக்கலாம். ஆனால் பற்றவைத்த சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறுவதால், அடுத்த விரிசல் அதன் ஓரத்திலேயே தொடங்கக்கூடும். அதனால் பற்றவைத்து, மேலே ஒரு பட்டைத் தகடும் வைத்து ரிவிட் அடித்தார்.

இனிப் பணக் கணக்கு. நோட்டில் கடந்த நான்கு ஆண்டுகளின் சராசரியை எடுத்தேன். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும், ஜீப் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது என்றும் கொண்டால் ஆண்டுக்கு 82,800 ரூபாய். பழுதும் உதிரியும் 48,000. காப்பீடும் பிறவும் 9,000. ஆக 1,39,800. அப்பா இதோடு நிறுத்திவிட்டு, "பாத்தியா கண்ணு, எவ்வளவு கம்மி!" என்பார். ஆனால் அவரே குறித்துவைத்த இன்னொரு பத்தி உண்டு: ஜீப் படுத்த நாட்கள், ஆண்டுக்குப் பத்தொன்பது. அந்த நாட்களில் வாடகை வண்டிக்கு நாளுக்கு 1,800 வீதம் 34,200. உண்மையான தொகை 1,74,000.

புதிய நான்கு சக்கர இழுவை வண்டி பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருந்து இரண்டு லட்சம். மீதி எட்டு லட்சம் பத்து விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுக் கடன். மாதத் தவணை சுமார் 13,280. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். ஆண்டுக்குத் தவணை 1,59,400, முன்பணத்தின் பங்கு 28,600, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் டீசல் 59,100, சர்வீஸ் 12,000, காப்பீடு 30,000. ஏழாம் ஆண்டு முடிவில் வண்டி நான்கு லட்சம் பெறும் என்று அதன் பங்கைக் கழித்தாலும் ஆண்டுக்கு 2,32,000 வருகிறது. வித்தியாசம் 58,000, மாதத்துக்கு ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பிளஸ் டூ முடித்து செவிலியர் படிப்புக்குப் போக நினைக்கும் என் தங்கையின் விடுதிக் கட்டணம் ஏறக்குறைய அவ்வளவுதான். அம்மா இந்த ஒப்பீட்டைத்தான் செய்தார், நான் செய்யவில்லை.

பணத்தில் அடங்காத இரண்டும் உண்டு. ஒன்று, காடு. கடம்பூர்ப் பாதை 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு ஊடே செல்கிறது. யானை நடக்கும் பாதையில் அந்திக்குப் பின் வண்டி நின்றுபோவதும், அவிநாசி சாலையில் நின்றுபோவதும் ஒன்றல்ல. பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் இடையே விலங்குகளின் நலன் கருதி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்தே கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எங்கள் பாதைக்கு அப்படி ஒரு காவல் இல்லாததால், காவலை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றொன்று, புகை. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, ஊரார் மூச்சுக்கு என்ன விலை போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டீசல் காருக்கு 2000-ஆம் ஆண்டு விதி அனுமதித்த நுண்துகள் கிலோமீட்டருக்கு 0.14 கிராம். 2020-இல் வந்த பாரத் ஆறாம் நிலை விதியில் 0.0045 கிராம். முப்பது மடங்கு வேறுபாடு. எங்கள் ஜீப் முதல் விதிக்கும் மூத்தது. அந்த விதிக்குள் இருப்பதாகவே கொண்டாலும் ஆண்டுக்கு ஒன்றேகால் கிலோ கரித்துகள். புது வண்டியானால் நாற்பது கிராம். புகைச் சோதனையில் பழைய டீசலுக்கு உரிய வரம்பான 65 அலகுக்குள் வந்து தேறிவிடுகிறது. தேறுவதும் தூய்மையும் ஒன்றல்ல. இந்தக் கேள்விக்கு என்னிடம் ரூபாய்க் கணக்கு இல்லை. ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் தவறாமல் பார்த்தால் கரும்புகை குறையும் என்பதை மட்டும் பதிலாகச் சொன்னேன். அவர் பாதி மனதோடு தலையசைத்தார்.

அரசின் எண்ணமும் பழைய வண்டிகளுக்குச் சாதகமாக இல்லை. சொந்த வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். 2020-இல் நாங்கள் நீட்டித்தபோது பதிவுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. இருபது ஆண்டைத் தாண்டிய கார், ஜீப்புகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. பசுமை வரி தனி. ஊரில் சிலர் "பத்து வருசத்து டீசல் வண்டியை எல்லாம் பிடிக்கிறாங்களாம்" என்று பீதி கிளப்பினார்கள். பத்தாண்டு விதி தலைநகர் டெல்லி வட்டாரத்தைப் பற்றியது. தமிழ்நாட்டைப் பற்றியது அல்ல. அங்கீகரிக்கப்பட்ட உடைப்புக் கூடத்தில் ஒப்படைக்கலாம் என்றால், 2021 கொள்கையில் சொன்னபடி புது வண்டி விலையில் 4 முதல் 6 விழுக்காடுதான் கிடைக்கும். ஓடும் நிலையில் உள்ள எம்.எம்.540-ஐ ஆசைக்கு வாங்குவோர் அதைவிடப் பல மடங்கு தருகிறார்கள். (அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்த்து நானும் மயங்கியிருக்கிறேன். 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் பெயர் தாங்கிய இடம் அது. ஆயினும் அங்கே நிற்கும் வண்டிகள் கிழங்கு சுமக்க வேண்டியதில்லை.)

அப்பா பத்தாயிரத்தைக் கட்டினார். ஜீப் 2030 நவம்பர் வரை ஓடலாம். ஆனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகளை எழுத ஒப்புக்கொண்டார். பிரேக் டிரம், ஷூ, வீல் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் ஒருசேர மாற்றுவது. மாலை ஐந்துக்குமேல் மலையில் இருந்து இறங்குவதில்லை. சுமை முடியாவிட்டால் அங்கேயே தங்குவது. மூன்றாவது: பழுதுச் செலவும் வாடகை வண்டியும் சேர்ந்து ஓர் ஆண்டில் 1,40,000-ஐத் தாண்டினாலோ, ரிவிட் அடித்த இடத்தின் ஓரத்தில் மறு விரிசல் கண்டாலோ, 2030-க்குக் காத்திராமல் விற்றுவிடுவது. அந்த 1,40,000, இப்போதைய பழுதும் வாடகையுமாகிய 82,200-உடன் வித்தியாசம் 58,000-ஐக் கூட்டி வந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நோட்டில் ஏறிய தொகை, பிரேக் வேலையும் சேர்த்து, 31,400.