வயோதிகர் இருதயமும் வைத்தியர் கல்வியும்

மூப்புக்கு மரியாதை செய்வதில் நம் நாட்டாருக்கு நிகர் நாமே என்று பெருமை பேசுகிறோம். பண்டிகை நாளில் பெரியோர் காலில் விழுந்து ஆசி பெறுகிறோம். கல்யாணப் பத்திரிகையில் அவர்கள் பெயரை முதலில் அச்சிடுகிறோம். ஆனால் அதே பாட்டனார், "நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே!" என்று சொன்னால், "வயசாகிவிட்டதல்லவா? அப்படித்தான் இருக்கும்" என்று பதில் கூறிவிட்டு நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். வீட்டார் இவ்விதம் சொல்வதையாவது மன்னிக்கலாம். படித்துப் பட்டம் பெற்ற வைத்தியரும் அதையே சொல்லுவாரானால் அந்த முதியவர் யாரிடம் போவார்? இவ்விஷயத்தைக் குறித்தே இவ்வாரம் நேயர்களுடன் சிறிது ஆலோசிக்க விரும்புகிறோம்.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயது நிரம்பியவர்கள் பத்துக் கோடிக்கு மேல் இருந்தார்கள். அதன் பின் அத்தொகை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இருதய நோயோ வயதோடு கூடவே வளரும் நோய். ஆகவே, மூத்த இருதயத்தைப் பேணும் வித்தையை நம் வைத்தியர்களும் தாதிமார்களும் எவ்வளவு தூரம் கற்றிருக்கிறார்கள் என்பது, ஒவ்வொரு குடும்பத்தின் வாசற்படியிலும் வந்து நிற்கும் கேள்வியாகும்.

மூத்த இருதயத்தின் இயல்பு

எழுபது வயதினரின் இருதயம், முப்பது வயது இருதயம் சற்றுத் தேய்ந்து போனது என்று எண்ணுவது பிசகு. அதன் போக்கே வேறு. வயது ஏற ஏறப் பெரிய ரத்தக் குழாய்கள் தம் நெகிழ்ச்சியை இழந்து விறைத்துப் போகின்றன. அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர்கிறது. கீழ் எண் பல சமயங்களில் தாழ்ந்துவிடுகிறது. இருதயத்தின் தசையும் விறைத்து, தளர்ந்து விரிந்து ரத்தத்தை ஏற்கும் சக்தி குன்றுகிறது.

மாரடைப்பு வந்தால் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்று நாடகங்களில் பார்த்திருக்கிறோம். வயோதிகர்களுக்கோ மார்பு வலி இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு. திடீரென்று மூச்சுத் திணறல், காரணமில்லாத களைப்பு, தலைச் சுற்றல், புத்தித் தடுமாற்றம் - இவையே சில சமயம் அதன் அறிகுறிகள். வாலிபருக்குரிய பாடத்தை மட்டும் படித்த வைத்தியர், "வலி இல்லையே" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடும். அங்ஙனம் கழிந்துபோகும் மணி நேரங்களில் இருதயத் தசை மடிகிறது.

பாடம் மாறினால் பிழைப்பார்கள்

முற்காலத்தில் மாரடைப்பு வந்தவரை வாரக் கணக்கில் படுக்கையை விட்டு அசையவொட்டாமல் கிடத்தி வைப்பதே சிகிச்சை என்று கற்பித்து வந்தார்கள். நீண்ட படுக்கையால் காலில் ரத்தம் உறையும். அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கும். முதியவருக்கோ சில நாட் படுக்கையே காலின் பலத்தை வாங்கிவிடும். 1952-ம் வருஷத்தில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர்களான ஸாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் இருவரும், எண்பத்தொரு நோயாளிகளைச் சீக்கிரமாகவே எழுப்பிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ட பலனை வெளியிட்டார்கள். அது அக்காலத்துப் போதனைக்கு நேர் விரோதம். ஆனாலும் நாளடைவில் உலகம் அவர்கள் வழிக்கு வந்தது. புதிய மருந்து எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது ஒரு நாற்காலி, அத்துடன் பழைய பாடத்தை மறக்கும் துணிவு.

மற்றோர் உதாரணம் கூறுவோம். எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது சகஜம். அதைத் தணிப்பதால் தீமையே விளையலாம் என்று பல வைத்தியர்கள் வெகு காலம் ஐயுற்றிருந்தார்கள். எண்பதும் அதற்கு மேலும் வயதான 3,845 பேரை வைத்துப் பல தேசங்களில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. மருந்து கொடுக்கப்பட்டவர்களிடையே மரணம் நூற்றுக்கு 21 பங்கும், இருதயத் தளர்ச்சி நூற்றுக்கு 64 பங்கும் குறைந்திருந்தன. "வயசாகிவிட்டது" என்னும் ஒரு சொல் எத்தனை உயிர்களுக்குச் சிகிச்சையை மறுத்து வந்தது என்பதை நேயர்களே சிந்தித்துப் பார்க்கலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மருந்தை அள்ளிக் கொடுப்பதும் கல்விக் குறைவே. முதியவரின் ரத்த அழுத்தத்தை உட்கார வைத்து மட்டும் பார்த்தல் போதாது; நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் இருபது புள்ளிகள் இறங்குமானால், அவர் இரவில் எழுந்திருக்கையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. முதுமையில் தசை குறைந்துவிடுவதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் ரத்தப் பரிசோதனை எண் சரியாக இருப்பது போல ஏமாற்றும். அதை நம்பி முழு அளவில் கொடுத்த மருந்து உடலில் தேங்கி விஷமாகலாம். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கும் சில மாத்திரைகள் உடம்பில் நீரையும் உப்பையும் தேக்கி, தளர்ந்த இருதயத்தை மேலும் தளர்த்திவிடும். இவையெல்லாம் ரகசியங்கள் அல்ல. ஆயினும் கற்பித்தாலன்றி வருவனவும் அல்ல.

தாதியின் கைவண்ணம்

கல்வி என்றதும் பெரிய டாக்டர்களை மட்டும் நினைக்கிறோம். அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ரிச் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 282 இருதயத் தளர்ச்சி நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற தாதி ஒருவர் நோயைப் பற்றி விளக்கினார். உணவில் உப்பைக் குறைக்கும் விதம் கற்பித்தார்கள். மருந்துகளைச் சரி பார்த்துத் தேவையற்றவற்றை நீக்கினார்கள். வீட்டுக்குச் சென்ற பின்னும் விசாரித்து வந்தார்கள். 1995-ல் வெளியான முடிவு என்ன? இருதயத் தளர்ச்சிக்காக மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வருவது, தொண்ணூறு நாட்களில், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது!

தாதி கற்பிக்கும் பாடம் எளியது. தினந்தோறும் காலையில் எடை பார். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையன்று, தேங்கிய நீர்; உடனே வைத்தியருக்குச் சொல்லி அனுப்பு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உப்பு மூட்டைகள் என்று அறிந்துகொள். இவ்வளவு சொல்லிவிட்டு, "நான் சொன்னதை நீங்கள் ஒரு முறை சொல்லுங்கள், பாட்டி" என்று திருப்பிக் கேட்டுக்கொள்ளும் தாதியே தேர்ந்த உபாத்தியாயினி.

நம் நாட்டில்

இத்துறையில் சென்னை நகரம் பெருமைப்பட இடமுண்டு. 1978-ம் வருஷத்தில் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வைத்தியப் பகுதியைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் வைத்தியத்துக்கென உயர் பட்டப் படிப்பு ஆரம்பமாயிற்று. 2021-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தது. மாத்திரை கொண்டுபோகும் சகோதரி கிராமத்துத் திண்ணையில் முதியவரை நேருக்கு நேர் சந்திக்கிறார். அவருக்கு இன்னும் நாலு கேள்விகள் கற்றுக்கொடுத்தால் எவ்வளவு நன்மை! "இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? கால் வீங்குகிறதா? எழுந்து நின்றால் கண் இருளுகிறதா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" - இந்த நான்கும் விலையுயர்ந்த யந்திரம் காணுமுன்பே நோயைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை.

"வாலிபருக்கே வைத்திய வசதி போதவில்லை, கிழவர்களுக்குத் தனிப் படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாம் கேட்பது மாளிகையல்ல. வைத்திய மாணவர் ஒவ்வொருவரும் முதியோர் பகுதியில் சில வாரமாவது பழக வேண்டும். தாதிகளுக்கு இருதயத் தளர்ச்சியில் தனிப் பயிற்சியும், மருந்தின் அளவைப் பற்றி வைத்தியருடன் பேசும் உரிமையும் வேண்டும். மருந்துக் கடைக்காரர், முதியவர் உண்ணும் மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கப் பழக வேண்டும். தொழிலில் இறங்கி இருபது வருஷமான வைத்தியரும் அவ்வப்போது மாணவராக உட்கார வேண்டும். அவர் கல்லூரியை விட்ட பின்பு பாடங்கள் மாறியிருக்கின்றன. 2002-ல் பிரெஞ்சு தேசத்தில் ரூவான் நகரத்து வைத்தியர் அலன் கிரிபியே, மார்பைப் பிளக்காமலே ரத்தக் குழாய் வழியாகப் புது வால்வைப் பொருத்திக் காட்டினார். பெரிய அறுவையைத் தாங்க மாட்டாத முதியோர் பலருக்கு இன்று அதுவே வாழ்வளிக்கிறது. ஆனால் உள்ளூர் வைத்தியர் காதுக்குழலை வைத்து அந்த வால்வின் முரட்டு ஓசையைக் கேட்டறிந்தாலன்றோ நோயாளி அதுவரை போய்ச் சேர முடியும்?

நாம் இன்று எழுதுவதும் படிப்பதும், நமக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தவர்களின் பிரயாசையால்தான். அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் நமஸ்காரத்தோடு தீர்ந்துவிடாது. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தத்தை நிற்க வைத்தும் பார்க்கும்படி கேளுங்கள். "வயசாகிவிட்டது" என்று யாரேனும் சொன்னால், "வயசுக்கு மருந்து கேட்கவில்லை ஐயா, நோய்க்குத்தான் கேட்கிறோம்" என்று மரியாதையுடன் சொல்லுங்கள். ஜனங்கள் கேட்கத் தொடங்கினால், வைத்தியர்களும் கற்கத் தொடங்குவார்கள்.