மேப் ரெடி... ஊர் ரெடியா?

எரிமலை என்றதும் உங்க மனசுல என்ன ஓடுது? செக்கச்செவேல்னு கொதிக்கிற குழம்பு, அதுக்கு முன்னாடி தலைதெறிக்க ஓடுற ஹீரோ... ஹாலிவுட் படம்தானே? ஆனா பாஸ், 1985-ல் கொலம்பியா நாட்டில் ஒரே ராத்திரியில் சுமார் 23 ஆயிரம் பேர் செத்துப்போனாங்க. அவங்களைக் கொன்றது நெருப்புக் குழம்பு இல்லை. சேறு!

சோடா பாட்டில் சயின்ஸ்

முதல்ல, எரிமலை ஏன் வெடிக்குது? பசிபிக் கடலுக்கு அடியில் இருக்கும் நாஸ்கா தட்டு, தென் அமெரிக்கத் தட்டுக்குக் கீழே மெதுவாக நுழைந்துகொண்டே இருக்கிறது. அது கூடவே கொண்டுபோகும் தண்ணீர், மேலே உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடும். பாறை உருகி மாக்மாவாகி மேலே ஏறும். அதற்குள் நீராவி, சல்ஃபர் டை ஆக்ஸைடு என ஏகப்பட்ட வாயுக்கள் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு குமிழாகப் பொங்கும். குலுக்கின சோடா பாட்டிலைத் திறந்தா என்ன ஆகும்? அதேதான்!

இரண்டரை மணி நேரம்

நெவாடோ டெல் ரூயிஸ். 5,300 மீட்டர் உயரம், தலையில் பனித் தொப்பி. 1985 நவம்பர் 13, இரவு 9 மணிக்கு மேல் வெடித்தது. எரிமலை உலகத்தில் அது ஒண்ணும் பெரிய வெடிப்பே இல்லை. ஆனால் சூடான சாம்பலும் கல்லும் பனிமேல் கொட்ட, அதில் சுமார் 10-ல் ஒரு பங்கு உருகிவிட்டது. தண்ணீர், சாம்பல், மண், பாறை எல்லாம் கலந்து, ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆறாக ஓடினால் எப்படி இருக்கும்? அதற்குப் பெயர் லஹார். ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து அர்மேரோ என்ற ஊரை மூடியது. சுமார் 29 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊரில் மட்டும் 20 ஆயிரம் பேருக்கு மேல் பலி.

இரண்டரை மணி நேரம்! பக்கத்து மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாமே?

போயிருக்கலாம். ஒரு மாசம் முன்னாடியே விஞ்ஞானிகள் அபாய மேப் வெளியிட்டிருந்தாங்க. அதில் அர்மேரோ இருந்தது. 1595-லும் 1845-லும் இதே இடத்தைச் சேறு மூடிய வரலாறும் இருந்தது. அன்று மதியமே ஊரில் சாம்பல் மழை. ஆனால் 'பயப்படாதீங்க, வீட்டுக்குள்ளேயே இருங்க' என்றுதான் மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஊரையே காலி பண்ணி, எதுவும் நடக்காமப் போயிட்டா அந்தச் செலவுக்கு யார் பதில் சொல்றது? அந்தத் தயக்கத்தில் நாட்கள் ஓடின. ராத்திரி புயல் மழையில் கரன்ட்டும் கட்!

பினாடுபோ பாஸ் ஆன கதை

இந்த அடிக்குப் பிறகு 1986-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம், எங்கே எரிமலை முணுமுணுத்தாலும் கருவிகளோடு பறந்து போக ஒரு ஸ்பெஷல் டீமை உருவாக்கியது. அதற்கான பெரிய எக்ஸாம் 1991-ல் வந்தது.

சுமார் 500 வருஷம் தூங்கிய பிலிப்பைன்ஸின் பினாடுபோ, ஏப்ரலில் நீராவி கக்கியது. அந்த நாட்டு எரிமலை ஆய்வு நிறுவனமும் அமெரிக்க டீமும் நில அதிர்வுக் கருவிகளைப் பதித்தார்கள். மே மாதம் இரண்டே வாரத்தில் சல்ஃபர் டை ஆக்ஸைடு 10 மடங்கு எகிறியது. மாக்மா மேலே வருது!

இதை கிராஃப் போட்டுக் காட்டினால் ஊர் கிளம்புமா? அதனால் அபாயத்தை 1 முதல் 5 வரை எளிய லெவலாகப் பிரித்தார்கள். எரிமலை என்னவெல்லாம் செய்யும் என்று மோரிஸ் கிராஃப்ட், காட்யா கிராஃப்ட் தம்பதி எடுத்த வீடியோவை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். லெவல் ஏற ஏற மக்கள் வெளியேறினார்கள். ஜூன் 15-ல் மலை வெடித்தபோது, 20-ம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று அது! சாம்பல் 35 கிலோமீட்டர் உயரம் போனது.

அதே நாளில் புயலும் சேர்ந்துகொள்ள, நனைந்த சாம்பலின் கனத்தில் கூரைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மலைச்சரிவில் வாழ்ந்த ஆய்டா பழங்குடி மக்களில் பலரை முகாம்களில் பரவிய நோய் கொண்டுபோனது. வெளியேற்றியதோடு வேலை முடியவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனாலும், குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகக் கணக்கு. அந்த வீடியோவை எடுத்த தம்பதி அதைப் பார்க்க இல்லை. 12 நாள் முன்பு, ஜப்பானின் உன்சென் எரிமலை அவர்களைப் பலிவாங்கிவிட்டது.

சின்ன வெடிப்பில் 23 ஆயிரம் பேர். ராட்சச வெடிப்பில் அதில் ஒரு சின்னப் பங்கு. ரெண்டு இடத்துலயும் மலை முன்கூட்டியே சொல்லிடுச்சு. ஒரு இடத்தில்தான் அது ஊருக்குப் புரியுற பாஷையில் போய்ச் சேர்ந்தது.

நாளைக்கு நீங்களும் ஒரு வார்னிங் சிஸ்டம் டிசைன் பண்ணலாம். சென்சார் பக்காவா வேலை செஞ்சா பாதி மார்க்தான். நடுராத்திரி அலாரம் கேட்டு, பேரனை எழுப்பிக்கிட்டு ஒரு பாட்டி மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறாங்களா... மீதி மார்க் அங்கேதான் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!